எல் போர்டு ஒட்டப்போகும் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்



பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரி திறப்பதற்குள் கிடைக்கும் இடைவெளியில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் கார் ஓட்டப் பழகுகிறார்கள். பதினெட்டு முடிந்ததும் எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், போட்டாயிற்று. டிரைவிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டியாயிற்று. ஸ்கூல் வண்டியில் கிளச் மிதித்தது போதாது, நம் வண்டியிலும் கை பழகட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பையனையோ பெண்ணையோ அழைத்துக்கொண்டு பைபாஸ் சர்வீஸ் ரோட்டுக்குக் கிளம்புகிறீர்கள். அதற்கு முந்தின நாள் உங்களில் கொஞ்சம் விவரமானவர்கள் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, "சார், பையன் ஓட்டப் பழகறான். பாலிசியில அவன் பேரைச் சேர்க்கணுமா? கூட எவ்வளவு கட்டணும்?" என்று கேட்கிறீர்கள்.

ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மோட்டார் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்வியைக் காது புளிக்கக் கேட்டிருக்கிறேன். பதில் சுலபம். பேர் சேர்க்க வேண்டியதில்லை, கூடப் பைசா கட்ட வேண்டியதில்லை. ஏஜெண்ட் இதைச் சொன்னதும் "அப்பாடா" என்று போனை வைத்துவிடுகிறீர்கள். அப்படி வைத்துவிடுவதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் சித்தப்பாவோ பெரியம்மா மகளோ உங்களை இந்த விஷயத்தில் பயமுறுத்தியிருக்கலாம். அங்கே பழகுநர் ஓட்டும் காருக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும், அல்லது அப்பாவின் பாலிசியில் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டும். ஓட்டுபவரின் வயது குறையக் குறையப் பிரீமியம் எகிறும். நம் நாட்டில் பாலிசி போகும் வழி வேறு. இங்கே காருக்குத்தான் விலை, ஓட்டுபவருக்கு அல்ல. எத்தனை சி.சி., எந்த வருட மாடல், காரின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. எவ்வளவு, எந்த ஊரில் பதிவு என்று பார்ப்பார்கள். சென்னையில் பதிவான கார் 'ஏ' மண்டலம். மதுரையும் கோவையும் திருச்சியும் 'பி'. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல்படி 1000 சி.சி. வரையிலான சொந்தக் காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஸ்டியரிங்கில் பதினெட்டு வயது உட்கார்ந்தாலும் அறுபது வயது உட்கார்ந்தாலும் இதில் மாற்றம் கிடையாது.

பணம் வாங்காததால் கம்பெனி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்து கிடக்கும் பி.டி.எஃப். தான். முதல் பக்கத்தில் பிரீமியக் கணக்குக்குக் கீழே பொடி எழுத்தில் ஓட்டுநர் பற்றிய ஒரு பத்தி இருக்கும். செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள எவரும் இந்த வண்டியை ஓட்டலாம். செல்லுபடியாகும் பழகுநர் உரிமம் உள்ளவரும் ஓட்டலாம், ஆனால் அவர் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதியை நிறைவேற்றியிருக்க வேண்டும். இவ்வளவுதான் அந்தப் பத்தி. உங்கள் பிள்ளைக்கான இன்சூரன்ஸ் முழுவதும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கியிருக்கிறது. கம்பெனி உங்களிடம் கூடுதல் பணத்தைக் கேட்கவில்லை, கூடுதல் ஒழுங்கைக் கேட்கிறது.

அந்த 3ஆம் விதி சொல்வதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், கையில் இருக்கும் எல்.எல்.ஆர். உயிரோடு இருக்க வேண்டும். அதன் ஆயுள் 6 மாதம். எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். ஆனால் கல்லூரி திறந்துவிடுகிறது, பையன் ஹாஸ்டலுக்குப் போய்விடுகிறான், பொங்கல் லீவில் வந்து மறுபடி காரை எடுக்கிறான். ஜூனில் போட்ட எல்.எல்.ஆர். டிசம்பரிலேயே முடிந்துபோயிருக்கும். ஜனவரியில் அவன் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. எந்த வகை வண்டிக்கு வாங்கியது என்பதையும் பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் எடுத்த எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு காரைத் தொட முடியாது. இலகுரக வாகனம் என்பதைக் குறிக்கும் எல்.எம்.வி. அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது நீங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரிடம் அந்த வண்டியை ஓட்டுவதற்கான செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய முறையில் லைசென்ஸ் 20 வருடத்துக்கு, அல்லது 50 வயது வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். இருபத்தைந்து வயதில் எடுத்தவருக்கு நாற்பத்தைந்தில் முடிந்திருக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு நிறையும் காலமும் அப்பாவின் லைசென்ஸ் காலாவதியாகும் காலமும் பல வீடுகளில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. பர்ஸில் அட்டை இருக்கிறது, தேதியை யாரும் பார்ப்பதில்லை. முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019இல் வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. முடிந்து ஒரு வருடம் தாண்டிவிட்டால் நீங்களும் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். மகனும் அப்பாவும் ஒரே நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வரிசையில் நிற்பது பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

டூவீலர் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் அது கணக்கில் சேராது. போன மாதம் லைசென்ஸ் வாங்கிய நண்பன் உட்கார்ந்தால் சட்டப்படி சேரும். விதி அனுபவத்துக்கு அளவு எதுவும் வைக்கவில்லை. சட்டத்துக்கு அது போதும், எனக்குப் போதாது. இரண்டு பத்தொன்பது வயதுப் பையன்கள் முன் சீட்டில் உட்கார்ந்து பழகுவதற்குப் பெயர் பழகுதல் இல்லை.

உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியம். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் சொல்லிக்கொடுப்பவர் இருக்க வேண்டும் என்கிறது விதி. டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் பக்கமும் பிரேக் மிதி உண்டு. நம் வீட்டுக் காரில் கியருக்குப் பின்னால் இருக்கும் கை பிரேக் மட்டும்தான் உங்களுக்கு எட்டும் ஆயுதம். அதனால் முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். பின்னால் சாய்ந்துகொண்டு "லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடி" என்று கத்துவதற்கு விதியில் இடமில்லை. இப்போது வரும் கார்கள் சிலவற்றில் கை பிரேக்கே கிடையாது, ஒரு சின்னப் பொத்தான்தான் இருக்கிறது. அதை எப்படி இழுக்க வேண்டும், எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்று மேனுவலில் படித்து, காலி மைதானத்தில் மெதுவாக ஓடும்போது ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள்.

கடைசியாக, எல் போர்டு. வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. அட்டை ஒவ்வொரு பக்கமும் 18 செ.மீ.க்குக் குறையக்கூடாது, எழுத்து 10 செ.மீ. உயரம், 2 செ.மீ. தடிமன், அடியில் 9 செ.மீ. அகலம். பின் கண்ணாடியில் சிவப்பு டேப்பை இரண்டு துண்டு கிழித்து ஒட்டிவிட்டு, முன்னால் ஒன்றுமே இல்லாமல் ஓட்டுகிற வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். காந்தம் வைத்த போர்டு ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைகளில் கிடைக்கிறது. பிள்ளை இறங்கியதும் கழற்றி டிக்கியில் போட்டுக்கொள்ளலாம்.

இவற்றில் ஒன்று குறைந்தால் என்ன நடக்கும்? உங்கள் கார் அடிபட்டதற்கான கிளெய்மை, அதாவது சொந்தச் சேதத்துக்கான தொகையை, கம்பெனி மறுத்துவிடலாம். லைசென்ஸ் விஷயத்தில் ஓட்டை இருந்தால் அநேகமாக மறுத்துவிடும். வெளியாள் ஒருவர் அடிபட்டிருந்தால் கதை வேறு. 2004இல் உச்ச நீதிமன்றம் ஸ்வரண் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பு இதில் அடிப்படை. பழகுநர் உரிமமும் உரிமம்தான், அதை வைத்திருந்தவர் ஓட்டியபோது விபத்து என்றால் கம்பெனி இழப்பீடு தர வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். "எல்.எல்.ஆர். ஆளு ஓட்டினா இன்சூரன்ஸ் கிடையாது சார்" என்று டீக்கடையிலும் சில ஏஜெண்ட் ஆபீஸ்களிலும் சொல்வது தவறு. நிபந்தனை மீறப்பட்டது என்றால் அதைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். சின்ன மீறலைக் காட்டி மூன்றாம் நபருக்கான பொறுப்பிலிருந்து நழுவிவிட முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

ஆனால் அதே தீர்ப்பில் உங்களுக்குக் கசப்பான பாதியும் இருக்கிறது. லைசென்ஸே இல்லை என்பது போன்ற பெரிய மீறலாக இருந்தால், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 'பே அண்ட் ரெகவர்' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். தீர்ப்பாயம் சான்றிதழ் கொடுத்தால் நிலவரி பாக்கியைப் போலக் கலெக்டர் மூலம் வசூலிக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 174ஆம் பிரிவு வழி செய்கிறது. முப்பது வயதில் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பத் தலைவர் இறந்துபோனால் இழப்பீடு பல லட்சங்களுக்குப் போகும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் நோட்டீஸ் தட்டும். பிள்ளைக்குச் சொத்து இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

பதினெட்டு நிறையாத பிள்ளைகளைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, ஏனென்றால் அங்கே பேச்சுக்கே இடமில்லை. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவுப்படி பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரர் குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் நடந்தது என்றால் அதைப் பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். 2024 மே 19 அதிகாலை புனேயின் கல்யாணி நகரில், 17 வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்களே, அந்த வழக்கில் பையனின் அப்பா கைதானதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். "எங்க தெருவுக்குள்ளதான சார் ஓட்டறான்" என்பது எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது.

இனி இந்த மடலின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

உங்கள் பாலிசி யாரையெல்லாம் காக்கிறது? ரோட்டில் நடந்து போகிறவரைக் காக்கிறது. எதிரே பைக்கில் வந்தவரைக் காக்கிறது. இடித்த கடையின் ஷட்டரை, 7.5 லட்சம் ரூபாய் வரை, காக்கிறது. ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் காரையும், காருக்குள் உடன் வருபவர்களையும் காக்கிறது. 15 லட்சம் ரூபாய்க்கான கட்டாய விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பெயர் உள்ள சொந்தக்காரருக்கு மட்டும், அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் மட்டும். அதாவது உங்களுக்கு.

ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உங்கள் பிள்ளை இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. அவன் மூன்றாம் நபர் அல்ல, ஏனென்றால் வண்டியை ஓட்டுவதே அவன்தான். சொந்தக்காரரும் அல்ல. அடுத்தவர் வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், அந்த வண்டியின் கம்பெனியிடம் மூன்றாம் நபரைப் போல இழப்பீடு கேட்க முடியாது என்று 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் அதையே உறுதி செய்தது. அப்பா பெயரில் இருக்கும் காரை மகள் ஓட்டிப்போய்ப் புளியமரத்தில் மோதிக் கால் போனால், அந்தக் காலுக்கு இந்தப் பாலிசியில் ஒரு ரூபாய்கூட இல்லை. புது காருக்கு வருடத்துக்கு முப்பதாயிரம் கட்டியிருந்தாலும் இல்லை.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிதாக விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்தாண்டு 'பம்பர் டு பம்பர்' இன்சூரன்ஸ் கட்டாயம் என்று ஓர் உத்தரவு போட்டது நினைவிருக்கலாம். கார் ஷோரூம்களில் பெரிய கலாட்டா. அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 'பம்பர் டு பம்பர்' என்பது காரின் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஏற்பாடு, ஆளுக்கான காப்பீடு அல்ல. எனவே அந்த உத்தரவு நிற்காமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த கவலை நியாயமானது. வண்டியை ஓட்டுபவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் காப்பு இருக்கிறதா என்று கார் வாங்கும் யாரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

அந்த ஓட்டையை அடைக்கப் பெரிய செலவு ஆகாது. பிள்ளையின் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுங்கள். காரோடு சம்பந்தமில்லாதது, எந்த வண்டியில் போனாலும், நடந்து போனாலும், இறப்புக்கும் ஊனத்துக்கும் பொருந்தும். எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே வாசகத்தோடு கிடைக்க வேண்டும் என்று காப்பீட்டு ஆணையம் 2021 ஏப்ரலில் கொண்டுவந்த சரல் சுரக்ஷா பீமாவில் 2.5 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை எடுக்கலாம். அதற்கும் முன்னால், பிள்ளைக்கு வங்கியில் சேமிப்புக் கணக்கு இருந்தால் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் சேர்த்துவிடுங்கள். 18 வயது முடிந்தால் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். 2 லட்சம் போதாதுதான். ஆனால் 20 ரூபாய்க்கு இன்று ஒரு டீயும் வடையும்கூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குடும்ப ஹெல்த் பாலிசியில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். காரின் பாலிசியிலேயே குறிப்பிட்ட நபருக்கு விபத்துக் காப்பு சேர்க்கலாம் என்று ஏஜெண்ட் சொன்னால் நல்லது, ஆனால் அந்த நபர் ஓட்டும்போதும் அது பொருந்துமா என்பதை மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னதற்கு மதிப்பில்லை.

பழகுவதற்கென்றே பத்து வருடப் பழைய கார் ஒன்றை வாங்கி நிறுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "இடிச்சாலும் பரவாயில்ல" என்று நினைத்து வாங்குகிறீர்கள், அதற்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்றும் முடிவெடுக்கிறீர்கள். கார் போனால் பரவாயில்லை, சரி. ஆனால் தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள சொந்தக் காரில் உடன் வருபவர்களுக்கும் காப்பு கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் மாமா, பின் சீட்டில் வேடிக்கை பார்க்க ஏறிய தங்கை, யாருக்கும் இல்லை. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் அவர்களுக்கு உண்டு என்று காப்பீட்டு ஆணையம் 2009இலேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. பழைய கார் வாங்கினால் ஆர்.சி.யை உடனே பெயர் மாற்றுங்கள், 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய சொந்தக்காரர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கான 15 லட்சமும் போச்சு.

புது கார்க்காரர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கும்போதே 3 ஆண்டுக்கான தேர்ட் பார்ட்டி காப்பீட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் வந்தது அது. நம் ஊர்க்காரர் ஒருவரால் நாடு முழுதும் வந்த நன்மை. ஆனால் பெரும்பாலும் காரின் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒரே வருடத்தில் முடிந்துவிடுகிறது. "மூணு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்துக்கொண்டு இரண்டாம் வருடம் அந்தப் பகுதியைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. பிள்ளை சாவியைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு தேதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சின்னச் சின்னக் கீறல்களுக்குக் கிளெய்ம் போடாதீர்கள். பழகுகிற பிள்ளை முதலில் உடைப்பது பம்பரை, பிறகு சைடு கண்ணாடியை. பம்பர் பிளாஸ்டிக்; சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள். பம்பரின் விலை 8,000 ரூபாய் என்றால் 4,000 போச்சு, 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக, கம்பெனி தருவது 3,000. இதற்காக உங்கள் 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ் அடுத்த வருடம் பூஜ்யத்துக்கு வரும். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50ஐத் தொட ஐந்து வருடம் ஆகும். சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய் என்றும் அது மாறாது என்றும் வைத்துக்கொண்டால் இந்த ஐந்து வருடத்தில் நீங்கள் இழப்பது 12,500 ரூபாய். மூவாயிரம் வாங்கப் பன்னிரண்டாயிரம் கொடுக்கும் வியாபாரத்தை யாராவது செய்வார்களா? பிள்ளை பழகும் வருடத்தில் மட்டுமாவது 'பம்பர் டு பம்பர்' எடுங்கள், பிரீமியம் குறையுமே என்று விருப்பக் கழிவை ஏற்றிக்கொள்ளாதீர்கள். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பணம் கட்டும் பாலிசி வைத்திருப்பவர்கள், பிள்ளை ஓட்டும் தூரமும் அதே மீட்டரில்தான் ஏறுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, என் மேசைக்கு வந்த ஒரு ஃபைலைப் பற்றி. ஊர் பேர் வேண்டாம். மாலை நேரம், கார் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறது. கிளெய்ம் ஃபாரத்தில் ஓட்டியவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், அப்பாவின் லைசென்ஸ் நம்பர். சர்வேயர் எடுத்த போட்டோவில் டிரைவர் சீட் முன்னால் இழுத்து, ஸ்டியரிங்குக்கு வெகு பக்கத்தில் இருந்தது; அப்பாவோ நல்ல உயரம். அதற்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டுக் காப்பி (ஏ.ஆர். காப்பி) வந்தது. அதில் டியூட்டி டாக்டர், பெண் கார் ஓட்டி வரும்போது சுவரில் மோதிக் காயம் என்று எழுதியிருந்தார். வலியில் இருந்த பெண் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள், வேறென்ன செய்வாள்? கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது, பொய்த் தகவல் கொடுத்த காரணத்துக்காக.

விசாரித்ததில் என்ன தெரிந்தது என்றால், அந்தப் பெண்ணிடம் எல்.எல்.ஆர். இருந்தது, தேதி முடியவில்லை. அப்பா பக்கத்து சீட்டில்தான் இருந்தார், அவர் லைசென்ஸும் செல்லுபடியாகும். எல் போர்டும் இருந்தது. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் பணம் வந்திருக்கும். "எல்.எல்.ஆர்னு சொன்னா தரமாட்டாங்க, நீங்க ஓட்டினதாவே சொல்லிடுங்க" என்று ஒர்க்‌ஷாப்பில் யாரோ நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை அது. மெக்கானிக் கார் விஷயத்தில் சொல்வதைக் கேளுங்கள், பாலிசி விஷயத்தில் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆள் மாற்றிச் சொல்வது அடிபட்டவர் வேறொருவராக இருக்கும் வழக்கில் கிரிமினல் குற்றமாகவே முடியும். டோல்கேட்டிலும் பெட்ரோல் பங்கிலும் தெருமுனை நகைக்கடையிலும் கேமரா இருக்கிறது. விபத்து நடந்தால் முதலில் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், போலீசுக்கும் கம்பெனிக்கும் அன்றே சொல்லுங்கள், ஓட்டியது பிள்ளை என்றால் பிள்ளை என்றே சொல்லுங்கள்.

பிள்ளைக்கு லைசென்ஸ் அட்டை வந்த பிறகு கம்பெனிக்கு எதுவும் தெரிவிக்க வேண்டியதில்லை. எல் போர்டைக் கழற்றிவிடலாம். ஆனால் விபத்துப் பாலிசியை நிறுத்தாதீர்கள். லைசென்ஸ் வந்தாலும் அப்பா காரை ஓட்டும் பிள்ளைக்கு அந்தக் காரின் பாலிசியில் காப்பு இல்லை என்ற நிலை மாறுவதில்லை. இப்போது நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள், பிள்ளையின் பெயரில் விபத்துக் காப்பீடு எடுங்கள், அதன் பிறகு சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மோட்டார் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்